எண்ணெய் டின்னில் கிடந்த வால்வுகள்

திருத்தங்கல் ரோட்டில் இருந்த அவருடைய கார் ரிப்பேர்ப் பட்டறைக்குக் கதவு கிடையாது. இருந்த கதவைக் கழற்றிப் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிற இடத்துக்குக் கதவு எதற்கு என்பது அவருடைய கேள்வி. ராத்திரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "எடுத்துச் சாத்திக்கிடுவேன்" என்பார். அப்படியே தினமும் தூக்கி வந்து சாத்துவார், காலையில் மறுபடி தூக்கிப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். கதவைத் திறந்து மூடுவதைவிட இது கூடுதல் வேலை என்று எனக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றியதில்லை.

எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டோம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் சிவகாசியில் டைரியும் காலண்டரும் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். கம்பெனி வண்டிகளைப் பராமரிப்பதும் என் பொறுப்பில் இருந்ததால் மாதத்தில் சில முறையாவது அவரைப் பார்த்துவிடுவேன். உயரமான மனிதர். சட்டையில் காலர் இருக்காது. கிரீஸ் முதலில் ஏறுகிற இடம் அதுதான் என்று புதுச் சட்டை தைத்து வந்தவுடன் காலரைப் பிரித்து எடுத்துவிடுவார். அவருடைய மொபெட்டில் கண்ணாடி, பக்கத் தகடு, ஹாரன் எதுவும் கிடையாது. முக்கில் திரும்பும்போது "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். ஹாரனைவிட அது நன்றாகத்தான் கேட்டது.

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் மற்ற மெக்கானிக்குகள் அதைச் சரி செய்வார்கள், அல்லது புதிதாக மாற்றுவார்கள். இவர் முதலில் கேட்பது, "இது இல்லாட்டி ஓடுமா?" என்றுதான். ஓடும் என்றால் அது போய்விடும். பெரும்பாலும் அவர் கணக்கு சரியாகவே இருந்தது. எங்கள் லோடு வேனில் நச்சரித்துக்கொண்டிருந்த எத்தனையோ கோளாறுகள் அந்த உறுப்பே இல்லாமல் போனதால் தீர்ந்தன.

பேச்சிலும் அவர் அப்படித்தான். மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க எங்கள் கம்பெனிக்கு வந்தார். நாங்கள் பத்திரிகை அடிப்பதில்லை என்றாலும் தெரிந்தவர்களுக்குச் சின்ன மெஷினில் போட்டுக் கொடுப்பது உண்டு. மாதிரி ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தேன். என் பேனாவை வாங்கினார். இறைவன் பெயர் இருந்த முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தார். சுற்றமும் நட்பும் போயின. பெரியத்தா, சின்னத்தா, மாமாமார் பெயர்கள் வரிசையாகப் போயின. பெண், மாப்பிள்ளை, நாள், இடம், சாப்பாட்டு நேரம் இவ்வளவுதான் தாளில் மிஞ்சியது.

"உங்க அண்ணன் பேராவது இருக்கட்டுமே பாய். சண்டைக்கு வருவாக" என்றேன்.

"கல்யாணம் அவருக்கா?"

அண்ணன் சண்டைக்கு வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. இன்னொரு தாளில் பெயரைச் சேர்த்து அடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று பிறகு ஒருநாள் சொன்னேன். "எடுத்தது எடுத்ததுதான், மேனேஜரு" என்றார். அதுவரை அவர் எதையும் திரும்ப மாட்டி நான் பார்த்ததில்லை.

அவருடைய வேலை மேஜைக்குக் கீழே சதுரமான எண்ணெய் டின் ஒன்று இருக்கும். அதற்குள் பித்தளையில் செய்த சின்னச் சின்ன வால்வுகள் கிடக்கும். காரில் எஞ்சினுக்கும், அதன் தண்ணீரைக் குளிர வைக்கிற ரேடியேட்டருக்கும் நடுவே இருப்பவை அவை. காலையில் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைக்கும். சூடானதும் தானாகத் திறந்துகொள்ளும். சில வேளை திறக்காமல் இறுகிப் போய்விடும். அப்போது எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிடும். எங்கள் ஊர் வெயிலில் இது அடிக்கடி நடந்தது. அதனால் கொதித்து நின்று தன்னிடம் வரும் எந்தக் காராக இருந்தாலும் அவர் அந்த வால்வைக் கழற்றி டின்னில் போட்டுவிடுவார். "நம்ம ஊருக்கு எதுக்கு இது? இங்கன எஞ்சினைச் சூடாக்க தனியா ஒரு சாமானா?" என்பார். யாரும் மறுத்ததில்லை. சுற்று வட்டாரத்தில் மற்ற பட்டறைக்காரர்களும் அதையேதான் செய்தார்கள்.

எங்கள் முதலாளி வைத்திருந்தது பழைய பெட்ரோல் கார். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஓடியது என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. வண்டி வந்த அன்று பட்டறையில் அதைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. "சிவகாசியில ஹீட்டர் வச்ச காரு! வெடிமருந்து ரூமுக்குள்ள அடுப்பு வச்ச மாதிரில்ல இருக்கு" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பாய் ஹீட்டரைக் கழற்றக் கையை வைத்தார். முதலாளி அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்ததாகச் சொல்லித் தடுத்துவிட்டார்.

அந்த வண்டியை ஓட்டியவன் கோமதி. முப்பது வயதுக்குள் இருக்கும். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிவான். ஒரு சித்திரை மாதத்தில் விருதுநகர் போகும் வழியில் வண்டி கொதித்து நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு பாயிடம் கொண்டுபோனான். சாயங்காலமே வண்டி சரியாகித் திரும்பி வந்தது. கோடை முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லை.

டைரிக்குச் சீசன் மார்கழி. மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் எங்களுக்கு ஆர்டர் உண்டு. ஆங்கில வருடப் பிறப்புக்கு முன் முதலாளியே நேரில் போய் டைரிகளைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வருடத்தின் முதல் பயணம் முடிந்து வந்ததும் புகார் ஆரம்பித்தது. மலையில் எஞ்சின் சூடாகவே இல்லை, சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வழக்கமாகப் போடும் பெட்ரோல் போதவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் பைண்டிங் பெண்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது முதலாளி கம்பெனி வாசலில் நின்று கோமதியைக் கூப்பிட்டார்.

"ஏலே, டேங்குல ஓட்டையா, இல்ல உன் கையில ஓட்டையா? எவன்கிட்டலே விக்கிற?"

இறங்கிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கோமதி ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தான். முதலாளி என் அறைக்கு வந்து, "சீசன் முடியட்டும். தை பிறந்ததும் இவனை அனுப்பிருங்க" என்றார்.

பிறகு கோமதி என்னிடம் வந்தான். "சார், எங்க தெருவுல இருந்து மூணு பேரு அந்த வேன்ல வாராக. நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிரும்" என்றான். அவன் சொல்லாத ஒன்றும் இருந்தது. பெட்ரோல் திருடினான் என்று ஒரு கம்பெனி அனுப்பிய டிரைவரை, எல்லோரும் எல்லோரையும் அறிந்த அந்த ஊரில், இன்னொரு கம்பெனி எடுக்காது.

வண்டியைப் பாயிடம் அனுப்பினேன். அவர் பார்த்தது நடுப்பகலில். பட்டறைக்கு வெளியே வெயில் கொளுத்தியது. எஞ்சின் ஒழுங்காகச் சூடாயிற்று.

"நல்லாத்தான இருக்கு?" என்றார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். கரி பிடித்திருந்தன. "ஏலே, சோக்கை இழுத்து வச்சுக்கிட்டே ஓட்டுறியா?"

சோக் என்பது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டி விடுகிற குமிழ். கிளப்பிய பிறகு உள்ளே தள்ளிவிட வேண்டும்.

"தள்ளினா நின்னுருது பாய். மலையில சூடே ஏற மாட்டேங்குது" என்றான் கோமதி.

"அப்ப பெட்ரோல் குடிக்கிறது இதான். களட்டிருவம்."

சோக் கம்பி கழன்றது. அடுத்த வாரம் மூணாறில், விடிகாலையில், எஸ்டேட் பங்களாவுக்கு முன்னால் வண்டி கிளம்பவே இல்லை. தேயிலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். எஸ்டேட் துரை வராந்தாவில் நின்று பார்த்தாராம். முதலாளி காதில் மப்ளர் சுற்றியபடி பக்கத்திலேயே நடந்திருக்கிறார். அப்போதுதான் வாங்கியிருந்த செல்போனில் என்னைக் கூப்பிட்டு, "இவனை இங்கனயே இறக்கி விட்டுருவேன். மலை இறங்க எனக்கு ஓட்டத் தெரியலையே" என்றார்.

திரும்பி வந்த அன்றைக்கே கோமதி பட்டறைக்குப் போனான். வண்டிப் பராமரிப்பு என் பொறுப்பு என்பதால் நானும் கூடப் போனேன். அவன் உட்காரவில்லை.

"பாய், உங்க மேல குத்தம் சொல்ல வரல. தை வரைக்கும்தான் எனக்கு வேலை. அதுக்குள்ள வண்டிக்கு என்னன்னு கண்டுபிடிச்சுருங்க. வேலை போனாப் போயிட்டுப் போகுது. களவாணிப் பேரோட போகக் கூடாது."

அவர் ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "விடியக்காலம் வண்டிய எடுத்துக்கிட்டு ஆனைக்குட்டம் அணைக்கு வா. இந்த வெயில்ல வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. தண்ணிக் காத்துல நிப்பாட்டிப் பாப்பம்" என்றார்.

அணைக் கரையில் அந்த நேரத்துக்கு எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. நீர்ப்பரப்பின் மேல் பனி படிந்திருந்தது. கோமதி துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தான். வண்டியைக் காற்றுக்கு எதிராக நிறுத்தச் சொன்னார். கழற்றிய கம்பிக்குப் பதிலாக விரலால் சோக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்ப வைத்தார். மற்றக் கையை எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் மேல் வைத்தார். வெகு நேரம் அப்படியே நின்றார்.

"முள்ளு ஏறுதா?"

"இல்ல பாய்."

"முள்ளு ஏறல. ஆனா குளாய் வெதுவெதுங்குது" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என் பக்கம் திரும்பி, "மேனேஜரு, வண்டியில அட்டை கிட்டை கிடக்கா? காத்துப் படாம ரேடியேட்டரை மறைக்கணும்" என்றார்.

டிக்கியில் சாம்பிள் காலண்டர் அட்டைகள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முருகன் படம். வாங்கியவர் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"சாமியக் கொண்டுபோயி அங்கன சொருகச் சொல்றீகளா? வேற குடுங்க."

அடுத்தது தவழ்கிற குழந்தை. "பச்சப் பிள்ள. வேண்டாம்." அதற்கு அடுத்தது பனி மூடிய மலை. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் செருகினார்.

முள் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் நடுவுக்கு வந்துவிட்டது. சோக்கிலிருந்து விரலை எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. கோமதி உள்ளே ஹீட்டரைத் திருகி அதன் வாயில் முகத்தை வைத்தான்.

"பாய், சுடுது! பாய்!"

அவர் பானெட்டைப் பிடித்தபடி நின்றார். "வால்வு" என்றார்.

"என்ன பாய்?"

"வால்வு இல்ல. அதை எடுத்ததுல இருந்து எல்லாத் தண்ணியும் ரேடியேட்டரச் சுத்திக் குளுந்துக்கிட்டே இருக்கு. எஞ்சின் எப்பிடிச் சூடாகும்? சித்திரையில நீ வண்டிய இழுத்துக்கிட்டு வந்தேல்ல, அன்னைக்கு நான்தான் களட்டுனேன்."

கோமதி யோசித்தான். "என்னத்தையோ டின்னுல போட்டீகளே, அதா?"

"அதான்."

இவ்வளவு நாள் இது அவர் நினைவுக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது வியப்பாக இருந்தது. இப்போது இல்லை. வாழைப்பழத்தின் தோலை உரித்ததை யாரும் செய்த காரியங்களில் ஒன்றாக நினைவில் வைப்பதில்லை. அந்த வால்வைக் கழற்றுவது அவருக்கு அப்படி ஆகிவிட்டிருந்தது. அவர் வண்டிகளெல்லாம் வெயிலில் ஓடின. வெயில் அவர் செய்ததைச் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் டின்னைத் தரையில் கவிழ்த்தார். அந்த வண்டிக்குப் பொருந்தும் அளவில் இருந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய், பாய்லரில் இருந்து ஒரு பாத்திரம் கொதிநீர் கேட்டார். ஒவ்வொரு வால்வாக அதில் போட்டுப் பார்த்தார். வெந்நீரில் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் இறுகிப் போனது.

"என்ன பாய், டீக்கு முட்டை அவிக்கிறீகளா?" என்றார் டீக்கடைக்காரர்.

"தண்ணிய ஊத்துமய்யா."

"ஊத்துதேன். அந்தப் பாத்திரத்தை இனி நீங்களே வச்சுக்கோங்க. அதுல நான் எவனுக்கும் பால் காச்ச முடியாது."

போட்டதெல்லாம் இறுகியே கிடந்தன. கடைசிக்கு முந்தியது மெல்லத் திறந்தது. வெளியே எடுத்துப் பிடித்ததும் மூடிக்கொண்டது. மறுபடி போட்டார், மறுபடி திறந்தது. டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அதை மாட்டினார். சோக் கம்பியையும் மாட்டினார்.

அதோடு முடித்திருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, "உங்க முதலாளி இருப்பாகளா?" என்று என்னிடம் கேட்டார். முதலாளியின் அறைக்கு அவர் அதற்கு முன் வந்ததில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னார். தன் பெயரைத்தான் முதலில் சொன்னார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வண்டியக் கெடுத்தது நீங்க."

"ஆமா, அண்ணாச்சி."

"சரி, மாட்டியாச்சுல்ல. விடுங்க. அவன் இருந்துட்டுப் போறான்."

பாய் நகரவில்லை. "அம்புட்டோட விட முடியாது, அண்ணாச்சி. வாசல்ல வச்சு அவனை ஒரு சொல்லு சொன்னீக. வேன்ல வந்த அம்புட்டுப் பேரும் கேட்டிருக்காக. அதை வாசல்ல வச்சே எடுத்துருங்க."

"டிரைவர்ப் பயகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்றீகளோ?"

"களட்டுறது என் தொளில். இதை என்னால களட்ட முடிஞ்சா நானே களட்டிட்டுப் போயிருவேன். மாட்டினவுகதான் களட்டணும்."

முதலாளி மேஜையில் இருந்த புரூப் தாளை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். "பாப்பம் பாய்" என்றார். பாய் வெளியே வந்தார்.

சீசனின் கடைசிப் பயணம் வண்டிப்பெரியாறுக்கு. போய்த் திரும்பியவுடன் கோமதி நேரே பட்டறைக்கு வந்தான். லோடு வேனுக்காக நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"பாய், ஹீட்டர் எப்பிடி வேலை செஞ்சுது தெரியுமா? குமுளி தாண்டினதும் முதலாளி மப்ளர எடுத்துட்டாக. பொறவு ஸ்வெட்டரையும் களட்டிட்டாக."

பாய் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பெட்ரோலு?"

"போட்டது போதும்னு மிச்சம் இருக்கு." கோமதி குரலைத் தாழ்த்தினான். "எறக்கத்துல வரும்போது முதலாளி சொன்னாக, பாய். 'ஏலே, அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காத'ன்னு."

"எங்க வச்சு?"

"வண்டிக்குள்ள."

"வாசல்ல வச்சுச் சொன்னாகளா?"

"இல்ல பாய். ஆனா சொன்னாகல்ல."

பாய் திரும்பி வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டார். "பாதிதான் களண்டிருக்கு" என்பது மட்டும் அடியிலிருந்து கேட்டது.

அவர் சொன்னது சரிதான். தை பிறந்தது, கோமதி வேலையில் நீடித்தான். முதலாளி அவனிடம் முன்னைவிட மென்மையாகவே நடந்துகொண்டார். வாசலில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. கோமதிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பெட்ரோல் போடும்போது வண்டியில் யார் இருந்தாலும், நானோ முதலாளியோ அவர் மனைவியோ, கீழே இறங்கி வந்து பம்ப் மீட்டரைப் பார்க்கச் சொல்வான். பார்த்தால்தான் டேங்க் மூடியைத் திறப்பான். மழையில்கூட நான் குடை பிடித்து இறங்கிப் பார்த்திருக்கிறேன். முதலாளி முதலில் எரிச்சல்பட்டார். பிறகு பேசாமல் இறங்கினார்.

அடுத்த சித்திரையில், நான் உடன் வந்துகொண்டிருந்தபோது, விருதுநகர் ரோட்டில் அதே வண்டி மறுபடி கொதித்து நின்றது. தெரிந்த லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினோம். பாய் மொபெட்டில் வந்து சேர்ந்தபோது தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடை வெந்நீரில் திறந்த அந்தப் பழைய வால்வு இறுகிவிட்டிருந்தது. கழற்றிக் கையில் எடுத்தார்.

கோமதி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அதைத் தூரப் போட்டுருங்க பாய். அது இல்லாமயே ஓட்டிருவோம். நம்ம ஊருக்கு எதுக்கு அது?" என்றான்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துப் பிரித்தார். உள்ளே புது வால்வு இருந்தது. அதை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து உள்ளே வைத்துத் திருக ஆரம்பித்தார்.

"மார்கழி வரும்லே" என்றார்.